கணக்குத் திறன் கட்டத்தில் நான் போட்ட டிக்

"மார்க் கம்மிங்கிறதாலதானே மேம் சொல்றீங்க?" என்று என் மாணவி கேட்டாள். "இல்லம்மா, அதுக்காக இல்ல" என்றேன். அதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்த "இல்லம்மா" முழு உண்மையா, பாதி உண்மையா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவுக்கு எம்எஸ் படிக்கப் போவதற்கு எல்லாரையும் போல அவளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் பட்டியல் போட்டு எடுத்து வந்திருந்தாள். நான் பார்த்துவிட்டு, இதில் பாதியை எடுத்துவிடு, அந்த இடத்தில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் போடு, சில இடங்களில் எம்ஐஎஸ் (மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்) என்ற பெயரில் பிசினஸ் ஸ்கூலுக்குள் இருக்கும், அதையும் பார் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. யாரும் எழுதி வைக்காத ஒரு வரிசை நம் காலேஜ்களில் இருக்கிறது: சிஎஸ் கிடைக்காதவர்கள்தான் எம்ஐஎஸ் போவார்கள். பி.டெக். ஐடி படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வலி ஏற்கெனவே ஒரு முறை பட்டது. கவுன்சிலிங்கில் சிஎஸ்ஈ கைநழுவி ஐடிக்கு வந்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர். நாலு வருஷம் கழித்து மறுபடியும் என்னை இரண்டாவது வரிசையில் உட்காரச் சொல்கிறீர்களா என்றுதான் அவள் கேட்டது எனக்குப் பட்டது.

மார்க்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸ் அரியர். எங்கள் பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் O, A+, A, B+, B முடிந்ததும் நேராக RA, அதாவது மறுபடி எழுது என்பதுதான், நடுவில் வேறு கிரேடு கிடையாது. அடுத்த முறை எழுதி கிளியர் பண்ணிவிட்டாள். நாலாவது செமஸ்டரில் புராபபிலிட்டியில் B. நான் எடுத்த டேட்டாபேஸ் பாடம், டிபிஎம்எஸ்ஸில் A+. மொத்தத்தில் எட்டுக்குச் சற்றுக் கீழே சிஜிபிஏ. எம்எஸ்ஸுக்கு எழுதுகிற ஜிஆர்ஈ தேர்வில் கணக்குப் பகுதியும் சுமார்தான்.

ஆனால் நான் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கியபோது என் மனதில் இருந்தது மார்க் ஷீட் இல்லை, ஹாஸ்டல் மெஸ். மூன்றாம் ஆண்டில் அவர்கள் மூன்று பேர் சேர்ந்து மெஸ் ஸ்டோருக்கு ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்தார்கள். பிஎச்பி, மைஎஸ்கியூஎல், வழக்கமானதுதான். கோடிங் பெரும்பாலும் மற்ற இரண்டு பேர். ஸ்டோர் அண்ணன் அதைப் பயன்படுத்தவே இல்லை, ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து குத்துமதிப்பாக எதையோ அடித்து வைத்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் "அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மேம்" என்று முடித்துவிட்டார்கள். இவள் மட்டும் விடிகாலையில் காய்கறி வண்டி வரும் நேரத்துக்குப் போய் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கம்ப்யூட்டர் கேக்குற நேரத்துல அண்ணன்கிட்ட பதில் இல்ல மேம். அவர்கிட்ட பதில் இருக்குற நேரத்துல கம்ப்யூட்டர் ரூம் பூட்டியிருக்கு."

விஷயம் என்னவென்றால், எடையைப் போடாமல் ஸ்கிரீன் அடுத்த பக்கத்துக்கு நகராது. வண்டி வருவது ஐந்து மணிக்கு. சமையல் மாஸ்டர் உடனே இரண்டு மூட்டை வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார், மிச்சத்தை எடை போடுவது எட்டு மணிக்கு மேல். அதிலும் அண்ணன் கணக்கு மூட்டையிலும் பெட்டியிலும்தான் ஓடும், கிலோவில் இல்லை. இவள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, மூட்டை எண்ணிக்கையை மட்டும் முதலில் வாங்கிக்கொண்டு எடையைப் பிறகு சேர்க்கிற மாதிரி மாற்றினாள். ஸ்டோர் சுவரில் ஒரு நோட்டும் கட்டித் தொங்கவிட்டாள், ஸ்கிரீனில் இருக்கிற அதே வரிசையில் கட்டம் போட்டு. அதற்குப் பிறகுதான் அந்தக் கணக்கு உண்மையான கணக்கு ஆனது.

ரிவ்யூவில் என்ன நடந்தது தெரியுமா? "இதில் அல்காரிதம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று பேரில் அவளுக்குத்தான் மார்க் குறைவு. நானும் அந்தப் பேனலில் இருந்தேன், அவளுக்காகப் பேசினேன், ஆனால் மதிப்பெண் பட்டியலில் அல்காரிதத்துக்கு ஒரு வரி இருந்தது, வாசலில் உட்கார்ந்து பார்ப்பதற்கு வரி இல்லை.

இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்ற துறை இருப்பதே அந்த இல்லாத வரிக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் 1960-களின் கடைசியில் இதற்கென்று முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கினார். அரிசோனாவில் 1974-ல் ஜே நுனமேக்கர் தனித் துறையாகவே ஆரம்பித்தார். 1977-ல் இருந்து எம்ஐஎஸ் குவார்ட்டர்லி வந்துகொண்டிருக்கிறது. அந்த இதழில்தான் 1989-ல் பிரெட் டேவிஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சாஃப்ட்வேரை மனிதர்கள் ஏற்பதும் ஒதுக்குவதும் எதனால், அது தனக்கு உதவும் என்ற எண்ணம் எவ்வளவு, சிரமமில்லாமல் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எவ்வளவு என்று அளக்கிற கட்டுரை. இன்றும் ஆய்வு மாணவர்கள் அதில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்டோர் அண்ணனைப் பற்றி இவள் கேட்டதும் அந்தக் கேள்வியின் பக்கத்து வீடுதான். இப்படி ஒரு பெண்ணை சிஎஸ் பட்டியலோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் "இல்லம்மா".

சரி, இதுவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம்தான் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருகிறான். அதே பேட்ச், ஒன்பதுக்கு மேல் சிஜிபிஏ. அவனும் சிஎஸ் பட்டியலோடுதான் வந்தான். நான் பட்டியலைப் பார்த்தேன், நல்லா இருக்குப்பா என்றேன், அவ்வளவுதான். உனக்கு எதில் ஆர்வம், மெஸ்ஸில் என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனைக்கும் அந்த மெஸ் டீமில் அவனும் இருந்தான். அவனிடம் கேட்காத கேள்வியை இவளிடம் மட்டும் ஏன் கேட்டேன்? அரியர் இல்லாமல் இருந்திருந்தால் அவளுடைய பட்டியலையும் அப்படியேதான் திருப்பிக் கொடுத்திருப்பேனோ?

இதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கியில் அடமானம் கேட்பார்கள், அவர்களிடம் இருந்தது அப்பா கட்டிய வீடு ஒன்றுதான். கணக்கில் ஒரு அரியரை வைத்துக்கொண்டு பெரிய சிஎஸ் துறைகளாகவே போட்டால் வரிசையாக மறுப்பு வரும் என்று தெரிந்தே பேசாமல் இருப்பது ஆசிரியர் வேலையா? நான் சும்மாவும் சொல்லிவிடவில்லை. எம்ஐஎஸ் என்ற ஒரே பெயரில் இருந்தாலும் படிப்புகளை வகைப்படுத்த அமெரிக்காவில் கொடுக்கிற எண்ணான சிஐபி கோடு இடத்துக்கு இடம் மாறும். 11.0401 என்றோ 52.1301 என்றோ இருந்தால் அது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான ஸ்டெம் பட்டியலில் வரும், படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க அனுமதிக்கிற ஓபிடியில் 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம். பட்டியலில் இல்லாத கோடு என்றால் 12 மாதத்தோடு சரி. வீட்டை அடமானம் வைத்துப் போகிற குடும்பத்துக்கு இந்த 24 மாதம் சின்ன விஷயம் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் மெயில் போட்டு, விசாவுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கிற ஐ-20 படிவத்தில் எந்தக் கோடு வரும் என்று கேட்டு வாங்கு என்று அவளைப் பிடித்துவைத்துச் செய்யச் சொன்னேன். அவளுக்காக நான் செய்ததில் எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரே வேலை அதுதான்.

சந்தேகம் வந்தது சிபாரிசுப் படிவத்தில். வழக்கம்போல கன்சல்டன்சியில் எழுதிக் கொடுத்த கடிதத்தை மெயிலில் அனுப்பியிருந்தாள், கையெழுத்துக்கு. அதில் அவளே இல்லை, யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். அதை ஒதுக்கிவிட்டு மெஸ் விஷயத்தை வைத்து நானே இரண்டு பக்கம் எழுதினேன். அதில் எனக்கு நிறைவுதான். கடிதத்துக்கு மேலே கட்டங்கள் இருந்தன: எழுத்துத் திறன், தன்முனைப்பு, கணக்குத் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மாணவர்களில் மேல் 5 சதவீதம், 10, 25, 50. மற்றதில் எல்லாம் மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தேன். கணக்குத் திறனுக்கு வந்ததும் 50-ல் டிக் போட்டேன். டிரான்ஸ்கிரிப்டில் RA இருக்கும்போது நான் 10 சதவீதம் என்று போட்டால் மெஸ்ஸைப் பற்றி எழுதியதையும் நம்ப மாட்டார்கள் என்பது என் கணக்கு. கடிதத்தின் நம்பகத்தன்மைக்காகச் செய்தேன்.

ஆனால் அந்த வரியின் கடைசியில் இன்னொரு கட்டமும் இருந்தது. மதிப்பிட வாய்ப்பில்லை. நான் அவளுக்குக் கணக்கு எடுத்ததே இல்லை. டிபிஎம்எஸ்ஸில் அவள் டேபிள்களைப் பிரித்து ஒழுங்குபடுத்துகிற நார்மலைசேஷன் போடுவதைப் பார்த்தவரைக்கும் அவளுக்குத் தர்க்கத்தில் குறை எதுவும் தெரியவில்லை. அப்படியிருக்க அந்த 50-ஐ நான் எங்கிருந்து எடுத்தேன்? வேறொருவர் திருத்திய பேப்பரில் இருந்துதான். "மார்க்குக்காக இல்ல" என்று அவளிடம் சொன்ன அதே மாதத்தில், மார்க்கை மட்டும் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். அவள் இதை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. மாணவர் ஆவணங்கள் பற்றி அமெரிக்காவில் 1974-ல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, சேர்ந்த பிறகு தன் சிபாரிசுக் கடிதத்தைப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு, ஆனால் விண்ணப்பத்திலேயே அந்த உரிமையை விட்டுக்கொடுத்து ஒரு டிக் போடச் சொல்வார்கள். எல்லாரும் போடுவார்கள், அவளும் போட்டிருந்தாள். நல்லா எழுதியிருக்கீங்களா மேம் என்று ஒரு தடவை கேட்டாள். நல்லாதான் எழுதியிருக்கேன் என்றேன். பொய் இல்லை, கடிதம் நன்றாகத்தான் இருந்தது.

இடம் கிடைத்தது, எம்ஐஎஸ்ஸில்தான். அதில் நன்றாகவும் படித்தாள். அனுப்பி வைத்த சிஎஸ் விண்ணப்பங்களில் ஒன்றும் வரவில்லை. நான் சொன்னது சரி என்று அதை வைத்துச் சொல்லலாம், அவளே அப்படித்தான் சொல்கிறாள், "நீங்க சொன்னதாலதான் மேம்" என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் முழுசாக வருவதில்லை. சிஎஸ்ஸில் இடம் கிடைத்திருந்தால் அங்கே எப்படி இருந்திருப்பாள் என்று யாருக்கும் தெரியாது, அந்த 50-ஐ அங்கே யாராவது பார்த்தார்களா என்பதும் தெரியாது. ஒரு வேளை கடிதத்தையே யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

இப்போது அவளுக்கு அதே துறையில் பிஎச்டி பண்ண ஆசை. அதில் பொருளாதாரக் கோணத்தில் ஆய்வு செய்கிறவர்கள் உண்டு, புதிதாக அமைப்புகளை உருவாக்கிப் பார்க்கிறவர்கள் உண்டு, மனிதர்கள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிறவர்கள் உண்டு. இவளுக்கு மூன்றாவதுதான். எதுவானாலும் புள்ளியியல் நிறையப் படித்தாக வேண்டும். அங்கே எடுத்த புள்ளியியல் பாடத்தில் A வாங்கியிருக்கிறாள், மார்க் பட்டியலையும் அனுப்பியிருக்கிறாள். அங்குள்ள பேராசிரியரிடம் கடிதம் வாங்கும்மா, என்னுடையதைவிட அதற்குத்தான் எடை என்றேன். "வாங்கிட்டேன் மேம். உங்களதும் வேணும், மெஸ் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள்.

கடிதம் எழுதி முடித்துவிட்டேன், கட்டங்கள் பாக்கி இருக்கின்றன. இந்த முறை கணக்குத் திறனுக்கு 10 சதவீதம் போடலாம் என்று கை போகிறது, கையில் A இருக்கிறதே. ஆனால் அதுவும் நான் பார்க்காத வகுப்பில் வேறொருவர் கொடுத்த மார்க்தான், அன்றைக்கு RA-வை நம்பியது போலவே இன்றைக்கு இதை நம்புகிறேன். மதிப்பிட வாய்ப்பில்லை என்று போட்டால் நேர்மையாக இருக்கும், ஆனால் பிஎச்டி விண்ணப்பத்தில் கணக்கு வரியை மட்டும் சிபாரிசு செய்கிறவரே விட்டுவிட்டால் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். டிசம்பர் 15 கடைசி நாள்.