நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள்?

தில்லியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கோடையில் யாராவது நினைவு தடுமாறி வந்தால், வெயிலில் எவ்வளவு நேரம் நின்றார் என்றுதான் முதலில் கேட்போம். 2024 ஜூனுக்குப் பிறகு நான் முதலில் கேட்பது வேறு.

அந்த மே மாதக் கடைசியில் ஊர் முழுக்க தில்லியின் ஓரத்திலுள்ள முங்கேஷ்பூர் பேச்சுதான். அங்கே 52.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டிவிட்டது என்று வானிலைத் துறை பின்னர் விளக்கியது. நாங்களும் பகலின் உச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜூன் 19 அன்று தில்லியின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் பதிவான எண் 35.2. அது அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை!

அந்த வாரத்தில் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு ஒரு தமிழர் வந்தார். ஆர்.கே.புரம் பக்கம் சாலையோரம் இஸ்திரி போடுகிறவர், அறுபதைத் தாண்டியவர். "வெயிலே படவில்லை, சிஸ்டர். படுத்த இடத்திலேயே பிதற்ற ஆரம்பித்துவிட்டார்" என்றார் மனைவி. உடல் சூடு 106 டிகிரி பாரன்ஹீட். தோல் காய்ந்த ஓலைபோல் இருந்தது. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் பனிக்கட்டிப் பை வைத்து, மேலெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறியைத் திருப்பினோம். கிருமியால் வரும் காய்ச்சல் அல்ல இது, பாராசிட்டமால் உதவாது. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கியாக வேண்டும். ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதற்கென்றே பனிக்கட்டி நீர்த் தொட்டிகளோடு தனிப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். எங்களிடம் பைகள்தாம் இருந்தன.

அவர் கண் திறந்த பிறகுதான் மனைவியிடம் கேட்டேன், நேற்று ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று. தகரக் கூரை போட்ட அறை, ஒரு விசிறி. "விடிகிறவரை தகரம் ஆறவே இல்லை." பகலெல்லாம் கரிப்பெட்டியோடு நின்ற உடம்புக்கு இரவுதான் மருந்து. இதயத்தின் வேகம் தணிவதும் இழந்த நீரை உடம்பு ஈடுசெய்வதும் அப்போதுதான். அந்த இரவே இப்போது ஆறுவதில்லை. காற்றில் சேரும் கரியமில வாயு, இரவில் தரை வெளியேற்றும் வெப்பத்தை மேலே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. சிமெண்டும் ஏ.சி. இயந்திரங்களின் வெளிமூச்சும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டு வந்தார் அவர். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் நோய்க்கும் மாத்திரைக்கும் கட்டம் இருக்கிறது, கூரைக்கு இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத குறை.

அதே வாரம் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் ஒரு கள்ளப்பருந்து விழுந்தது. காவலாளி அட்டைப்பெட்டியில் எடுத்து வந்தார். அலகு திறந்தபடி, தொண்டை படபடத்துக்கொண்டிருந்தது. பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அந்தப் படபடப்பில் ஆவியாகும் நீர்தான் அதற்கு வியர்வை. குடிக்க நீர் இல்லையென்றால் அதுவும் கொல்லும். வாயில் தண்ணீர் ஊற்றப்போன ஒருவரைத் தடுத்தேன். மயக்கத்தில் இருக்கும் மனிதருக்கானாலும் பறவைக்கானாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நிழலில் வைத்தோம், பறவை மீட்பவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதியில் இரண்டே நாள் வெப்பத்தில் 23,000 பழந்தின்னி வௌவால்கள் செத்து விழுந்ததை எப்போதோ படித்திருந்தேன். அந்தத் தொண்டையைப் பார்த்த அன்றுதான் அந்த எண் எனக்கு உறைத்தது.

இஸ்திரிக்காரர் ஆறாம் நாள் வீடு திரும்பினார். மாத்திரை அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். நான் மனைவியைத் தனியே அழைத்து, "தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அக்கா. சாக்கை நனைத்துப் போடுங்கள்" என்றேன்.

"சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன், சிஸ்டர். எங்கள் பக்கம் தண்ணீர் லாரி வந்து நான்கு நாளாகிறது."