ஓடையில் வலை வீச அனுமதி வாங்கிய கதை

எங்கள் இளையோர் மன்றத்தின் இயற்கை வளக் கல்வி நிகழ்ச்சி ஒருவழியாக நடந்து முடிந்துவிட்டது. இப்படி ஒன்றைத் திட்டமிடுவதற்குக் கையேடுகளுக்குப் பஞ்சமில்லை. நோக்கம், வயதுக்கேற்ற செயல்பாடு, நேர அட்டவணை, மதிப்பீடு என்று அவை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். அந்தப் பகுதியெல்லாம் எங்களுக்குச் சுலபமாகவே முடிந்தது. எங்களை உண்மையில் அலைக்கழித்தது அனுமதிதான் என்பதால், இங்கே பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பாதுகாக்கப்பட்ட காடு ஒன்றின் ஓரத்தையும் அதை ஒட்டி ஓடும் ஓடையையும் தேர்ந்தெடுத்திருந்தோம். காலையில் மரங்களை அளப்பது, பிறகு ஓடையில் சிற்றுயிர்களைப் பார்ப்பது, பிற்பகலில் மண்ணை ஆராய்வது என்பதுதான் திட்டம். நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தின் விண்ணப்பப் படிவத்திலோ சுற்றுலா, முகாம், ஆராய்ச்சி என்ற பிரிவுகள் மட்டுமே இருந்தன. கல்வி என்று ஒன்று இல்லை. சிறுவர்கள் குழுவாக வருகிறார்கள் என்பதைக் கண்டதுமே முகப்பில் இருந்த எழுத்தர் மேற்கொண்டு படிக்காமல் அதை முகாம் பிரிவில் சேர்த்துவிட்டார். முகாம் என்றால் இரவுக் காவல், கூடாரங்களின் எண்ணிக்கை, தீ மூட்டும் இடம் எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். நாங்கள் மாலைக்குள் திரும்பிவிடுவோம் என்று சொன்னபோது, “அப்படியானால் அந்த இடங்களில் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்” என்றார். அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். சில நாள் கழித்து, “விவரங்கள் முழுமையாக இல்லை” என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. முழுமையில்லாதவை எவை என்று பார்த்தால், அவர் சொல்லி நாங்கள் “இல்லை” என்று எழுதிய அதே இடங்கள்தான்.

அதைவிடப் பெரிய அலைச்சல் வலையால் வந்தது. கருவிப் பட்டியலில் கைவலை என்று இருந்ததை இறுதிக் கட்டத்தில் பார்த்த இன்னோர் அலுவலர், உயிரினங்களைப் பிடிப்பதற்கு வேறொரு துறையின் இசைவு தேவை என்றார். பிடித்த உடனே விட்டுவிடுவோம் என்றாலும் பிடிப்பது பிடிப்பதுதான். இந்த விதியில் எனக்குக் குறையில்லை. பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதைத் தேதி நெருங்கிய பிறகு சொன்னதுதான் எரிச்சல். அந்தத் துறை இருந்தது வேறொரு கட்டடத்தில். போய்ச் சேர்ந்தால், அன்றைக்கு அந்தப் பிரிவில் மனு வாங்கும் நாள் இல்லை என்று கதவில் தாள் ஒட்டியிருந்தது. ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முகப்பில் நின்று பொதுவாக “அனுமதி வேண்டும்” என்று கேட்காதீர்கள். உயிரினத்தைப் பிடிப்பது, இலையோ விதையோ பறிப்பது, மண்ணைத் தோண்டுவது, நீரில் இறங்குவது ஆகிய நான்கையும் தனித்தனியாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் யாருடைய கையொப்பம் வேண்டும் என்று கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளின் நகலிலும் “பெறப்பட்டது” முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கோப்பு ஒருமுறை காணாமல் போனபோது, அந்த முத்திரைதான் எங்களைக் காப்பாற்றியது.

முட்டுக்கட்டையை உடைத்தது ஒரே ஒரு பக்க அட்டவணை. இயற்கையோடு பிள்ளைகளை இணைப்பது பற்றிய அழகான முன்னுரையையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு செயல்பாட்டிலும் கால் எங்கே படும், கை எதைத் தொடும், எது இருந்த இடத்துக்குத் திரும்பும் என்று மட்டும் எழுதினோம். ஓடைக்கான வரிசையில் இருந்தவை இவை: முழங்கால் ஆழத்துக்கு மேல் யாரும் இறங்குவதில்லை, வலையின் கண் அரை மில்லிமீட்டர், வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு மேற்புறம் உள்ள கற்களைக் காலால் மெல்லக் கிளறுவது, சிக்கியவற்றை ஓடை நீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில், நிழலில் வைத்து எண்ணிவிட்டு, எடுத்த இடத்திலேயே விடுவது. அதைப் படித்த மேலலுவலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வலையும் காலணிகளும் இதற்கு முன் வேறு நீர்நிலையில் பயன்பட்டவையா? நியாயமான கேள்வி. ஈரம் காயாத வலையிலும் காலணியிலும் அயல் இனங்களின் முட்டைகளும், தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையும் ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போய்விடும். கழுவி, முற்றிலும் உலர்த்திய பின்னரே கொண்டுவருவோம் என்று அங்கேயே ஒரு வரி சேர்த்தோம். நின்ற இடத்திலேயே கையொப்பம் கிடைத்தது. மற்ற துறையும் அதே தாளை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையில் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குக்கு இழுத்தடித்தது. மன்றத்தின் காப்பீடு வெளியிட நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும் என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னவர்கள், எழுத்தில் கேட்டபோது, நீரில் இறங்கும் செயல்பாடுகள் அதில் அடங்காது என்று பதில் அனுப்பினார்கள். தனியாகச் சேர்த்த பிறகே சரியானது. தொலைபேசி வாக்குறுதியை நம்பி ஒரு பிள்ளையையும் ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லாதீர்கள்.

பெற்றோரின் சம்மதப் படிவத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. எங்களுக்குத் தரப்பட்ட பொதுப் படிவத்தில் “உடல்நலக் குறைபாடு ஏதேனும் உண்டா?” என்று ஒரே வரிதான், ஏறக்குறைய எல்லாரும் “இல்லை” என்றே எழுதியிருந்தார்கள். தேனீ கொட்டினால் ஒவ்வாமை உண்டா, ஆஸ்துமா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, நீந்தத் தெரியுமா, தினமும் சாப்பிடும் மருந்து எது என்று பிரித்துக் கேட்டோம். முன்பு “இல்லை” என்று எழுதிய ஒரு தாயாரே, தம் மகனுக்குத் தேனீ கொட்டினால் எபிநெஃப்ரின் ஊசி போட வேண்டியிருக்கும் என்று எழுதினார். அந்த ஊசி பையனுடைய குழுவை நடத்தும் பெரியவரின் இடுப்புப் பையில் இருந்தது. பேருந்தில் விட்டுவரும் முதலுதவிப் பெட்டியில் அல்ல.

இடத்தை முன்கூட்டிப் பார்க்கப் போகிறவர்கள், நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் எந்த வளைவில் நின்றுபோகிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வரும், மேல்பகுதியில் மழை பெய்தால் ஓடை எவ்வளவு வேகமாக ஏறும் என்பவையெல்லாம் வரைபடத்தில் தெரியாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடியோ அதற்குக் குறைவோ இருந்தால், மின்னல் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கட்டடத்துக்கோ வண்டிக்கோ திரும்ப வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக்கூடாது. இதைக் குழுக்களை நடத்தும் பெரியவர்கள் எல்லாரிடமும் முன்பே சொல்லி, முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவரிடமே கொடுத்துவிட்டோம்.

நிகழ்ச்சி நாளில் மர அளவீடு சிக்கலின்றி முடிந்தது: தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம். பிள்ளைகளை உண்மையில் பிடித்து நிறுத்தியது ஓடைதான். ஒரு குழுவைக் கழிவுநீர்க் குழாய் கலக்கும் இடத்துக்கு மேற்புறமும், மற்றொன்றைச் சற்றுத் தள்ளிக் கீழ்ப்புறமும் நிறுத்தியிருந்தோம். மேலே எடுத்த தட்டில் மூன்று வால் இழைகளோடு, தூய நீரை விரும்பும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளவுயிரிகள் துள்ளின. கீழே எடுத்த தட்டில் சிவப்புப் புழுக்களே மிகுந்திருந்தன. அவை கைரோனோமிட் எனப்படும், கொசு போலத் தோன்றினாலும் கடிக்காத பூச்சிகளின் லார்வாக்கள். உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கின்றன. அந்தக் குழாயைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. “நடுவில் என்ன கலக்கிறது?” என்று ஒரு சிறுமியே கேட்டு, கரையோரமாக நடந்து அதைக் கண்டுபிடித்தாள். அத்தனை அலைச்சலுக்கும் அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

கடைசியாக ஒரு செய்தி: அனுமதிக் கடிதம் குறிப்பிட்ட தேதிக்கு மட்டுமே செல்லும். மழையால் தள்ளிவைத்தால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே விண்ணப்பத்திலேயே ஒரு மாற்றுத் தேதியையும் எழுதி, கடிதத்தில் இரண்டும் இடம்பெற்றிருக்கின்றனவா என்று முகப்பை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். எங்கள் கடிதத்தில் முதலில் ஒரு தேதிதான் இருந்தது. இரண்டாவதை அங்கேயே பேனாவால் எழுதச் சொல்லி, அதற்கும் தனியாகச் சுருக்கொப்பம் வாங்கினோம்.