மார்க்கெட்டிங் டீமுக்கு அஜைல்: எதை அப்படியே எடுக்கலாம், எதை மாற்ற வேண்டும்

மார்க்கெட்டிங் டீம் அஜைலுக்கு, அதாவது வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து அடிக்கடி வெளியிட்டுத் திருத்திக்கொள்ளும் முறைக்கு, மாறுகிறது என்றால், பெரும்பாலும் முதல் வாரமே வேலைகளைக் கார்டுகளாக நகர்த்தும் ஜிரா போர்டு வந்துவிடும். காலையில் நின்றபடி நடத்தும் சிறு கூட்டமான ஸ்டாண்டப்பும், இரண்டு வார வேலைச் சுற்றான ஸ்பிரிண்ட்டும் கூடவே வரும். எல்லாம் மென்பொருள் டீமிடமிருந்து அப்படியே எடுத்தவை. சில மாதம் கழித்துப் பார்த்தால் கார்டுகள் ஒழுங்காக நகரும். ஆனால் எந்த விளம்பரத்தை நிறுத்துவது, எந்தப் பக்கத்தை மாற்றுவது என்பதெல்லாம் பழையபடி கூட்டத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்னபடிதான் நடக்கும்.

அதனால் மூலத்துக்கே போய்ப் பார்ப்பது நல்லது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடி எழுதியது அஜைல் அறிக்கை. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம், கென் ஷ்வேபர் எல்லாம் அதில் இருந்தார்கள். 4 மதிப்புகள், 12 கொள்கைகள், அவ்வளவுதான். ஸ்பிரிண்ட், ஸ்டாண்டப் என்ற சொற்களே அதில் கிடையாது. அவை ஸ்க்ரம் போன்ற, அஜைலின் கீழ் வரும் தனி வேலைமுறைகளிலிருந்து வருபவை. நான்காவது கொள்கை மட்டும் எல்லோரும் தாண்டிப்போகும் ஒன்று: வணிகப் பக்கத்து ஆட்களும் டெவலப்பர்களும் திட்டம் முடியும்வரை தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மார்க்கெட்டிங்குக்கு அன்றைக்கே அங்கே இடம் போட்டிருக்கிறது.

2012 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட்டிங்காரர்கள் கூடித் தங்களுக்கென்று ஓர் அறிக்கை எழுதினார்கள். அபிப்பிராயத்தைவிடச் சோதித்து அறிந்தது மேல், ஒருசில பெரிய பந்தயங்களைவிடப் பல சிறு சோதனைகள் மேல் என்பவை அதன் சாரமான வரிகள். மென்பொருள் அறிக்கையில் ‘ஓடும் மென்பொருள்’ இருந்த இடத்தில் இங்கே ‘சோதித்து அறிந்தது’ வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு டீமுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான் என்பது என் கருத்து.

மென்பொருளில் ஓர் அம்சம் டெஸ்ட்களைத் தாண்டி வாடிக்கையாளர் கையில் ஓடினால் கார்டை மூடலாம். மார்க்கெட்டிங்கில் விளம்பரம் வெளியானதும் கார்டை மூடுவது தவறு. அது எதைக் காட்டியது, அதை வைத்து என்ன மாற்றப்போகிறோம் என்று எழுதியபிறகே மூட வேண்டும். போர்டில் ‘வெளியானது’ என்ற பத்திக்கு (நெடுவரிசைக்கு) அப்புறம் ‘அளந்தாச்சு’ என்று இன்னொரு பத்தி போடுங்கள். கார்டில் மூன்று வரி போதும்: என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, அடுத்து என்ன. முதல் வரியை வெளியிடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் வந்த எண்ணுக்கு ஏற்ப எதிர்பார்ப்பு தானாக வளைந்துவிடும்.

இரண்டு வார ஸ்பிரிண்ட் இடறும் இடமும் இந்த அளக்கும் வேலைதான். ஒரு பதிவுப் பக்கத்தில் 100 பேர் வந்தால் 2 பேர் பதிவு செய்கிறார்கள், புதிய தலைப்பு அதை 2.5 ஆக்குமா என்று ஏ/பி சோதனை (பாதிப் பேருக்குப் பழைய பக்கம், பாதிப் பேருக்குப் புதியது) செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 95% நம்பிக்கை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக எடுக்கும் வாய்ப்பு 5%), 80% திறன் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%) என்ற அளவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 14,000 பேர் தேவை. தினமும் 600 பேர் வரும் தளத்தில் அதற்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூ வந்துவிட்டதே என்று பத்தாம் நாள் எண்ணைப் பார்த்து ‘புதுசு ஜெயிக்குது’ என்று நிறுத்தினால், தற்செயலைத்தான் முடிவாக எடுத்திருப்பீர்கள். தினமும் எட்டிப்பார்த்து, சாதகமான நாளில் நிறுத்துவது பொய்யான வெற்றிகளைப் பெருக்கும்.

குறைவான வருகை உள்ள தளத்தில் பட்டன் நிறத்தைச் சோதிக்காதீர்கள். பெரிய மாற்றத்தைச் சோதியுங்கள்: பத்துக் கட்டங்கள் உள்ள படிவத்தை மூன்றாகக் குறைப்பது, விலையை முன்கூட்டியே காட்டுவது. அப்படி 2 என்பது 4 ஆகும் என்று எதிர்பார்த்தால் பக்கத்துக்குச் சுமார் 1,150 பேர் போதும். கணக்குப்படி நான்கு நாள்தான். இருந்தாலும் முழுதாக ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் ஓட விடுங்கள். திங்கட்கிழமை வருபவரும் ஞாயிற்றுக்கிழமை வருபவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

அடுத்தது, கையில் எடுத்த வேலைகளின் எண்ணிக்கை. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இங்கே நேராகப் பொருந்தும்: தொடங்கி முடியாமல் நடுவில் நிற்கும் வேலைகளை வாரத்துக்கு முடியும் வேலைகளால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் எடுக்கும் என்று கிடைக்கும். 24 கார்டு நடுவில் நிற்கிறது, வாரம் 6 முடிகிறது என்றால் 4 வாரம். 12-ஆகக் குறைத்தால், யாரும் வேகமாக ஓடாமலே 2 வாரம். மார்க்கெட்டிங்கில் கார்டுகள் தேங்குவது பெரும்பாலும் எழுதும் இடத்தில் இல்லை, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் இடத்தில்தான். அந்தப் பத்திக்கு 3 என்று வரம்பு வையுங்கள். நான்காவது கார்டு வந்தால் புதிதாக எதையும் தொடங்காமல், சட்டப் பிரிவிடமோ பிராண்ட் மேனேஜரிடமோ போய் உட்கார்ந்து ஒன்றை முடிக்க வேண்டும். இது நடக்காவிட்டால் வரம்பு வெறும் எண்.

சேல்ஸிலிருந்து ‘நாளைக்கே ஒரு பிரோஷர் வேணும்’ என்று வருவது நிற்காது. அதைத் திட்டத்துக்கு எதிரியாகப் பார்க்காமல், ஸ்பிரிண்ட்டின் நேரத்தில் கால் பங்கை அதற்கென்றே காலியாக விடுங்கள். அதைத் தாண்டினால், எந்தக் கார்டை வெளியே எடுப்பது என்று கேட்டவரே சொல்ல வேண்டும்.

இரண்டு டீமும் நேருக்கு நேர் மோதும் இடம் வெளியீட்டு நாள். இதற்கு நல்ல மருந்து ஃபீச்சர் ஃபிளாக், அதாவது ஏற்றிய அம்சத்தை யாருக்குத் திறப்பது என்று தனியாக முடிவு செய்யும் சுவிட்ச். நிரலை (கோடு) சர்வரில் ஏற்றுவது டெவலப்பரின் நேரத்தில் நடக்கட்டும், அம்சத்தைத் திறப்பது தனி முடிவாக இருக்கட்டும். முதலில் 5% பேருக்கு, பிறகு 25%, பிறகு எல்லோருக்கும். ‘கோடு போயாச்சு’ என்று டெவலப்பர் சொன்னதை ‘எல்லோருக்கும் திறந்தாச்சு’ என்று எடுத்துக்கொண்டு 25%-இல் இருக்கும்போதே மெயில் அனுப்பினால், கிளிக் செய்யும் நாலு பேரில் மூன்று பேருக்கு அந்த அம்சம் கண்ணிலேயே படாது. எல்லோருக்கும் திறந்து இரண்டு நாள் பிழையில்லாமல் ஓடியபிறகே அறிவிப்பு என்று இருவரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல, ஒருவர் பதிவை முடித்ததும் வருகையை அளக்கும் அனலிடிக்ஸ் கருவிக்குப் போகும் ஈவென்ட்டின் (‘இது நடந்தது’ என்ற குறிப்பின்) பெயரை டெவலப்பர் நல்ல எண்ணத்தோடு திருத்துவார். மறுநாள் மார்க்கெட்டிங் அறிக்கையில் பதிவுகள் பூஜ்யமாகிவிடும். எனவே பக்கத்தைத் தொடும் ஒவ்வொரு கார்டின் ஏற்பு நிபந்தனையிலும் (வேலை முடிந்தது என்று ஏற்கச் சரிபார்க்கும் பட்டியலிலும்) ‘ஈவென்ட்கள் பழைய பெயரில் வருகின்றன’ என்று ஒரு வரி வேண்டும்.

மென்பொருளில் பிழை வந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முடியாது. அதனால் ‘வேகமாக வெளியிடு’ என்பதை மெயிலுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. பட்டியலில் 5% பேருக்கு முதலில் அனுப்பி, சில மணி நேரம் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். அந்த இடைவெளியில் பார்க்க வேண்டியவை: கூப்பன் கோடு செல்லுகிறதா, மொபைலில் இணைப்பு சரியான பக்கத்தைத் திறக்கிறதா, விலகும் இணைப்பு வேலை செய்கிறதா, பெயர் இல்லாதவர்களுக்கு ‘வணக்கம்’ என்பதற்குப் பிறகு வெற்றுக் காற்புள்ளி நிற்கிறதா.

நடந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டமான ரெட்ரோவை மட்டும் இரண்டு டீமும் மாதம் ஒருமுறை சேர்ந்து நடத்துங்கள். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பொறுப்பாளர். அந்த மாற்றத்தையும் போர்டில் கார்டாகவே போடுங்கள். அடுத்த ரெட்ரோவில் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கார்டைத்தான்.