தண்ணீர்மலையான் வீதி உலா

பினாங்கில் தைப்பூசம் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிடும். பூசத்துக்கு முதல் நாளை அங்கே செட்டிப்பூசம் என்பார்கள். அன்று விடியற்காலையில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்தில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். தூரம் அதிகமில்லை. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டுகள் காத்திருந்தால் தேர் எப்படி விரைவாகப் போகும்?

கோலாலம்பூரில் இருக்கும் எங்களுக்குப் பத்துமலை முருகன் கோயில்தான் பக்கம். ஆனாலும் செட்டிப்பூசத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. கடல் காற்று முகத்தில் அடிக்க, எதிரே ஜார்ஜ் டவுன் கரை தெரிந்ததும் அம்மா கைகூப்பிவிட்டார். கோயில் கோபுரம் எதுவும் அங்கிருந்து தெரியாது. அவர் கும்பிட்டது அந்தத் துறைமுகத்தை. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, முதன்முதலில் கால் வைத்த மண் அது.

மறுநாள் இருட்டு விலகுவதற்குள் கோயில் வீட்டு வாசலில் நின்றோம். அந்த வட்டாரமே ஒரு காலத்தில் கிட்டங்கிகளால் நிறைந்தது. வரிசையாகச் சாய்வுமேசை, பெட்டகம், பாய் என்று வட்டித்தொழில் நடந்த நீள வீடுகள். செட்டிநாட்டிலிருந்து கிட்டங்கி எடுபிடியான பெட்டியடிப் பையனாக வந்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் போய், கணக்கில் ஒரு காசு பிசகாமல் வாழ்ந்தவர்கள் இங்கே கோயில் கட்டினார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் 1857இல் எழுந்தது. வெள்ளித் தேர் 1894இல் காரைக்குடியிலிருந்து கடல் கடந்து வந்தது. அத்தனை வெள்ளி வேலைப்பாட்டையும் கப்பலில் ஏற்றி, அலையில் அலைந்து, கரையிறக்கி, இன்றுவரை அதே தேரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. செட்டிநாட்டில் இன்றும் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைக்கிறார்கள். கடல் கடந்த ஊரில் குடிகொண்ட முருகனின் பெயர் திரும்பவும் சொந்த ஊருக்குப் போயிருக்கிறது.

தேர் அசைந்ததும் மயில்தோகைக் காவடிகள் முன்னே ஆடின. காளைகள் இழுக்க, தேர் கடைகளின் முன் நடைபாதைகளான அஞ்சடிகளை உரசுவதுபோல் நகர்ந்தது. கொஞ்ச தூரத்துக்குள் முதல் தேங்காய்க் குவியல் வந்தது. குவியல் என்றால் இடுப்பளவு. அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சீனர்கள். ஒரு பெரியவர் ஊதுபத்தியை இரு கைகளிலும் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தி, தேரை நோக்கி மூன்று முறை வணங்கினார். பிறகு வீட்டுப் பிள்ளைகள், மருமகள்கள், பேரன்கள் என்று எல்லாரும் தேங்காயை எடுத்து ஓங்கித் தார்ச்சாலையில் அடிக்கத் தொடங்கினார்கள். ஓடு சிதறிக் காலில் விழுகிறது, இளநீர் வாடை மூக்கில் ஏறுகிறது, சாலை வெள்ளை வெளேரென்று ஆகிறது. எல்லாம் உடைந்து முடிந்ததும் இயந்திரம் வைத்து அள்ளி லாரியில் போட்டு வழி விட்டார்கள். தேர் நகர்ந்தது. அடுத்த தெருவில் இன்னொரு குவியல்.

அம்மா பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி நின்றார். அவரும் அம்மாவும் மலாயில் பேசிக்கொண்டார்கள். மகன் கடை வைத்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் உடைப்பதாகச் சொன்னார். என்ன வேண்டுதல் என்று அம்மா கேட்டதற்கு, இப்போது வேண்டுதல் எதுவும் இல்லை, நன்றிதான் என்றார். இத்தனை தேங்காய் வீணாகிறதே என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் கவலை நியாயமானது, எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்த பிறகு அதை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நகரத்தாரின் தேரைச் சொல்லிவிட்டு மற்றவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் குவீன் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கடைத்தெருவில் சிறு வியாபாரம் செய்தவர்களும் கும்பிட்ட தாய் அவள். 2017இலிருந்து அந்தக் கோயிலிலிருந்துதான் தங்கத் தேர் வேலைச் சுமந்துகொண்டு தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. ஒரே ஊருக்கு இரண்டு தேர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. வேல் ஒரு தேரில், வேலவன் இன்னொரு தேரில். தெருவில் நிற்கும் சனத்துக்கு இரண்டு முறை தரிசனம்.

மாலையில் கால் ஓய்ந்துபோய் ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்தோம். நாற்காலியைத் துடைத்துப் போட்ட பையனுக்கு இருபது வயது இருக்கலாம்.

“அம்மா, பசியாறிட்டீங்களா? மோர் இருக்கு, சோறும் இருக்கு.”

தக்காளிச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஊறுகாய். பெரிய அண்டாவை இருவர் தூக்கி வைக்க, ஒரு மலாய் இளைஞர் வாங்கிப் போனார், ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வாங்கிப் போனார்கள், அலகு குத்திய அண்ணனோடு வந்த குடும்பம் மொத்தமாக வந்து உட்கார்ந்தது. யாரிடமும் யார், எவர் என்று கேட்கவில்லை. பந்தல் செலவு எப்படி என்று அந்தப் பையனிடம் விசாரித்தேன். கூட வேலை செய்பவர்கள் மாதா மாதம் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைக்கிறார்களாம். வெளியூரில் இருப்பவர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து காய் நறுக்குகிறார்கள்.

பூசத்தை எழுதுகிறவர்கள் அலகுக் காவடியைத்தான் படம் எடுக்கிறார்கள். மலேசியத் தமிழன் சாதித்தது என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் நான் இந்தப் பந்தலைத்தான் காட்டுவேன். சின்னச் சின்னக் காசைக் கூட்டிச் சேர்த்துப் பெரிய காரியம் செய்வது இந்தச் சமூகத்தின் ரத்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலியாக வந்தார்கள், ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வர வந்தார்கள். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடு கிடைத்த கையோடு மாரியம்மனுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். பக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய நாட்டில் இன்று ஐநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப்போய்த் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். மிஞ்சியவர்கள் மறுபடி எழுந்தார்கள். ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியபோது, ஆளுக்கொரு வெள்ளி (டாலர்) என்று கூலித் தொழிலாளிகள் கொடுத்த பணம் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்களாகப் போய்ச் சேர்ந்தது. தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில் ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் கட்சியின் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர்களே மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். அவர்கள் வேலை செய்த தோட்டங்களில் சில அவர்கள் சங்கத்துக்கே சொந்தமாயின. இதைவிடப் பெரிய காவடி எது?

தைப்பூசத்தன்று அதிகாலையில் மலை ஏறினோம். மேலே பாலதண்டாயுதபாணி கோயில் 2012இல் புதிதாகக் குடமுழுக்குக் கண்டது. படிகள் 513. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்றுதான் வந்தார். பால்குடம் ஏந்திய பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். உறுமி மேளத்தின் அடி படிக்கல்லில் அதிர்ந்தது. காவடி எடுத்த ஒரு சீன இளைஞனின் உதட்டில் “வேல் வேல்” மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு விசிறியபடி வந்த தமிழ்ப் பையன்கள் படிக்குப் படி அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். இடையில் அம்மாவை ஒருவர் “பாட்டி, கையைக் குடுங்க” என்று பிடித்துக் கடைசிப் படிவரை ஏற்றிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்.

சந்நிதியில் பால் அபிஷேகம் ஓயவில்லை. நெரிசலில் ஒரு நொடிதான் நிற்க முடிந்தது. அந்த ஒரு நொடியில் திருமுகத்தை நன்றாகப் பார்த்தேன். அம்மா பார்த்தாரா என்று கேட்கவில்லை. கண்ணீரைத் துடைக்காமலே நகர்ந்து வந்தார்.

இறங்கி வந்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலில் அன்னதானப் பந்தியில் சாப்பிட்டோம். தேர் மறுநாள் இரவுதான் கோயில் வீட்டுக்குத் திரும்பும். எங்களுக்கு அதற்குள் ரயில். கிளம்பும் முன் அம்மா முதல் நாள் உட்கார்ந்த தண்ணீர்ப் பந்தலுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். அதே பையன் அண்டா கழுவிக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்து, அடுத்த வருஷம் அரிசிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். யார் பேருக்கு ரசீது என்று கேட்டான். தன் அப்பாவின் பெயரைச் சொல்லி, ஊர் நாகப்பட்டினம் என்றும் சேர்த்து எழுதச் சொன்னார். அவன் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பூசத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், காய் நறுக்க ஆள் போதவில்லை என்றான். வருகிறோம் என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டார்.