'டப்ளினர்ஸ்' கதைகளைப் பின்நவீனத்துவத்தோடு படிக்கப் போகிறவர்களுக்கு

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' சிறுகதைத் தொகுப்பைப் படிக்கிறவர்கள், பின்நவீனத்துவப் பார்வையில், அதாவது ஒரே உண்மை, ஒரே பொருள் என்பதைச் சந்தேகிக்கும் பார்வையில் எழுதச் சொன்னதும், லியோதார், தெரிதா என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவசரம் வேண்டாம். கதையைப் பென்சிலோடு இரண்டு முறை படித்து, எதையோ சொல்லாமல் விட்ட இடங்களில் கோடு போடுங்கள். எனக்குக் கை கொடுத்தது இதுதான்.

'க்ளே' கதையைப் பாருங்கள். ஹாலோவீன் இரவு, மரியாவின் கண்ணைக் கட்டிவிட்டு விளையாடுகிறார்கள், அவள் கை ஒரு தட்டில் ஈரமாக, மெத்தென்று இருக்கும் ஏதோ ஒன்றில் படுகிறது. சில நொடி மௌனம், அப்புறம் கிசுகிசுப்பு, யாரோ தோட்டத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள், திருமதி டானலி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கடிந்து அதை உடனே வெளியே எறியச் சொல்கிறாள். அது களிமண் என்று கதைக்குள் யாரும் சொல்வதே இல்லை, தலைப்பு மட்டும்தான் சொல்கிறது. களிமண்ணைத் தொட்டால் சாவு என்பது அந்த விளையாட்டின் நம்பிக்கை. அப்படியானால் தலைப்பு கதைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்த பிறகு, ஓவியத்தைச் சுற்றியிருக்கும் சட்டம் ஓவியத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிதா எழுதியதைப் படியுங்கள், அவ்வளவு மிரட்டாது.

'தி சிஸ்டர்ஸ்' கதைக்கு லியோதார் பொருந்துவார். பெருங்கதையாடல்கள் (மதம், முன்னேற்றம் போல எல்லாவற்றுக்கும் விளக்கம் தரும் பெரிய கதைகள்) மீதான அவநம்பிக்கை என்று 1979-இல் அவர் சொன்னது இங்கே உதவும்: பூசைக் கிண்ணத்தை உடைத்த பாதிரியார் ஃப்ளின், இருட்டில் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து மெல்லச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அதைச் சொல்லும் அவருடைய சகோதரி எலைசாவின் பேச்சு பாதியில் நிற்க, கதையும் நின்றுவிடுகிறது. ஆனால் 'திருச்சபையின் பெருங்கதையாடல் சிதைந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எலைசாவுக்கு அது சிதையவே இல்லை, கோளாறு அண்ணனிடம்தான் என்று அவள் நம்புகிறாள். விடையின் உயிரே இந்த முரண்தான்.

இன்னொன்று, ஜாய்ஸைப் பின்நவீனத்துவர் என்று எழுதிவிடாதீர்கள், தொகுப்பு வெளிவந்தது 1914-இல், அது நவீனத்துவக் காலம். இலக்கியக் கோட்பாட்டாளர் பிரையன் மெக்ஹேல் 1987-இல் ஒரு வேறுபாடு சொன்னார்: நவீனத்துவம் 'இந்த உலகை எப்படி அறிவது' என்று கேட்கும், பின்நவீனத்துவம் 'இது எந்த உலகம்' என்று கேட்கும். மரியாவின் டப்ளின் ஒன்றே ஒன்றுதான், டிராம், சலவை நிலையம், கேக் கடை எல்லாம் கெட்டியாக இருக்கின்றன, அவளுக்கு அதில் சிலது தெரியவில்லை, அவ்வளவுதான்; இது நவீனத்துவத்தின் கேள்வி. கோட்பாடு இங்கே பொருந்தவில்லை என்பதையும் தைரியமாக எழுதுங்கள், அதற்கு ஒரு பத்தியே ஒதுக்கலாம்.

நேரம் குறைவென்றால் இந்த இரண்டு கதைகளே போதும். இதே தொகுப்பிலுள்ள 'தி டெட்' நீளமானது, அதைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.