முன் பிறேக் பஞ்சு மாதிரி இருந்தா காத்து மட்டும் தானோ?

நான் ஒவ்வொரு நாளும் வேலணையில இருந்து பண்ணைப் பாலத்தால தான் யாழ்ப்பாண ரவுணுக்கு வாறனான், ரெண்டு பக்கமும் கடல், சோளகம் அடிச்சா மோட்டச்சைக்கிள் கண்ணாடியிலயே உப்புப் படியும், பிறகு பிறேக்கை மட்டும் விடுமோ.

போன மாதம் முன் பிறேக் லீவர் பஞ்சு மாதிரிப் போச்சுது. கராச்சில காட்ட "பிறேக் ஒயில் குழாய்க்குள்ள காத்துப் போயிருக்கு தம்பி" எண்டு பிறேக் ஒயில் ஊத்திக் காத்தெடுத்துத் தந்தார், ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி ஒரு நினைப்பு, பிறகு பழைய குருடி கதவைத் திறடி தான்.

சரியெண்டு ஞாயிற்றுக்கிழமை நானே முத்தத்தில குந்தினன். முதல் லீவரைத்தான் பாக்கோணும். கடகடவெண்டு நாலைஞ்சு தரம் அமத்த இறுகிக்கொண்டு வந்தா பெரும்பாலும் காத்து. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கேக்க மெல்ல மெல்ல உள்ள இறங்குது, வெளியில ஒழுக்கும் இல்லையெண்டா லீவரடியில ஒயிலைத் தள்ளுற மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள இருக்கிற ரப்பர் போயிட்டுது, அதுக்கு எத்தினை போத்தல் ஊத்தினாலும் சரிவராது. என்ரயில ரெண்டும் இல்லை, எத்தினை தரம் அமத்தினாலும் அதே பஞ்சு.

சில்லில இருக்கிற டிஸ்க்கை ரெண்டு பக்கத்தாலயும் பாட்டால நெரிக்கிற கலிப்பரைக் கழட்டிப் பாத்தா, ஒயில் தள்ளுற பிஸ்ரன் பக்கத்துப் பாட் தகடு தெரியிற அளவுக்குத் தேஞ்சிருக்கு, மற்றப் பக்கம் கிட்டத்தட்டப் புதுசு! கலிப்பர் வழுக்கி ஓடுற ரெண்டு பின்னும் உப்புக் கறளில இறுகிக் கிடக்கு. அது ஓடாட்டி பிஸ்ரன் ஒரு பக்கத்தால மட்டும் தள்ள டிஸ்க் வளைஞ்சு குடுக்கும், அந்த வளைவுதான் கைக்குப் பஞ்சு மாதிரித் தெரிஞ்சிருக்கு. காத்துமில்லை கத்தரிக்காயுமில்லை.

பின்னை உரஞ்சித் துடைச்சு சிலிக்கன் கிறீஸ் பூசினன், சில்லுக்குப் போடுற கிறீசைப் பூசிப்போடாதேங்கோ, ரப்பர் ஊதிப்போடும். கையோட பிறேக் ஒயிலும் மாத்தினன், பழசு தேத்தண்ணி நிறத்தில கிடந்தது. அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிற சாமான், டொட் 4 எண்ட வகை ஒயில் புதுசில 230 பாகைக்குக் கீழ கொதிக்காது, ஈரம் ஏறினா 155 மட்டுக்கு இறங்கலாம். ஒயில் டப்பா மூடியில என்ன டொட் நம்பர் எழுதியிருக்கோ அதையே ஊத்துங்கோ, டொட் 5 எண்டது சிலிக்கன், அதைக் கொண்டுபோய்க் கலக்க வேண்டாம்.

புதுப் பாட் போட்டா ஓட முதல் லீவர் இறுகும் வரைக்கும் அமத்தோணும், இல்லாட்டி முதல் தரம் பிறேக்கே இருக்காது. நான் எஞ்சினைப் போடாம படலை வரைக்கும் உருட்டிப் பாத்துட்டுத் தான் ஏறினன்.

ஒரு பிழை மட்டும் விட்டிட்டன், பிஸ்ரனை உள்ள தள்ளேக்க மேல டப்பாவில ஒயில் நிரம்பி வழிஞ்சுது, உடன தண்ணி ஊத்திக் கழுவேல்லை. பெற்றோல் ராங்கில ரெண்டு இடத்தில பெயின்ற் கொப்பளிச்சுப் போச்சு, அம்மா அதைக் கண்டிட்டு இப்பவும் எங்கையடா விழுந்தனி எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறா.