கூரை மேல் இருக்கும் டவல்

கொடைக்கானலில் இருந்து நேற்று ராத்திரிதான் இறங்கினோம். வத்தலக்குண்டு வரும்வரை காரில் யாரும் வாய் திறக்கவில்லை, சித்தப்பாவைத் தவிர. "கடைசியா நான் கேட்டதுக்கு அந்தாளு பதில் சொன்னாரா, பாத்தியா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

எல்லாம் ஒரு டவலால் வந்த வினை. காட்டேஜ்காரர் கொடுத்த வெள்ளை டவலைச் சித்தி துவைத்துவிட்டார். வாடகைக்குப் போன இடத்திலும் துவைக்காவிட்டால் அது நம்ம சித்தியா? பால்கனிக் கம்பியில் காயப்போட்டு, பக்கத்து நாற்காலியில் முறுக்குப் பொட்டலத்தையும் வைத்துவிட்டு உள்ளே போனார். குரங்கு வந்தது. முறுக்கை அங்கேயே உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. பிறகு கை துடைக்கவோ என்னவோ, டவலையும் எடுத்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது.

காலி செய்யும்போது காட்டேஜ்காரர் ஒவ்வொன்றாக எண்ணினார். முன்பணம் 2,000 ரூபாயில் டவலுக்கு 600 பிடித்தம் என்றார்.

சித்தப்பா வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்து ரிட்டயர் ஆனவர். வங்கிதான் நிம்மதியாக இருக்கிறது, நாங்கள் இல்லை.

"600 ரூபாயா? கரூர்ல எங்க அக்கா வீட்டுத் தெருவுல எக்ஸ்போர்ட் டவலைக் கிலோ போட்டு விக்கிறாங்க. இது எந்த வருஷம் வாங்கினது? தேய்மானம் கழிச்சீங்களா?"

"சார், குரங்கு வரும், வெளியே எதையும் வைக்காதீங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேன்."

"அப்ப குரங்கு வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். எழுத்து மூலமாவே ஒத்துக்கிறீங்க!"

காட்டேஜ்காரர் மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கூரை விளிம்பில், தோளில் டவலோடு, வட்டச் செயலாளர் மாதிரி உட்கார்ந்து அது பஞ்சாயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பிரகாசம்.

"பாருங்க, டவல் தொலையவே இல்ல. உங்க இடத்துல, உங்க கூரை மேலதான் இருக்கு. பொருள் வளாகத்துக்குள்ள இருக்கும்போது நஷ்டம்னு எப்படி எழுதுவீங்க?"

அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. போனை எடுத்தார். 2024 மே மாதத்திலிருந்து மலைக்கு இ-பாஸ் வேண்டும் அல்லவா, அதன் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்தார். சித்தப்பா அரசாங்கத்திடம் பொய் சொல்ல மாட்டார், அதில் எட்டுப் பேர் என்று நேர்மையாகப் போட்டிருந்தார். காட்டேஜ்காரரிடம் சொன்னது ஆறு.

"மீதி ரெண்டும் குழந்தைங்க" என்றார் சித்தப்பா, கண் இமைக்காமல். அந்த நேரம் பார்த்து முதல் குழந்தை, நம்ம கார்த்தி, இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். இரண்டாவது குழந்தை, கார் ஓட்டி வந்த நான்.

இனி தற்காப்பு எடுபடாது என்று தெரிந்ததும் சித்தப்பா எதிர்த்தாக்குதலில் இறங்கினார். ஏரி தெரியும் என்று போட்டிருந்தார்கள். தெரிந்தது, பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்றால். "மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் துரை 1863-ல உண்டாக்கின ஏரிங்க அது. எங்க ஊர்க் கலெக்டர் ஏரியைப் பார்க்க எங்ககிட்டயே காசா?" என்றார். காட்டேஜ்காரர் உடனே குக்கருக்குத் தாவினார். டீ போடத்தான் அடுப்பு, நீங்கள் நாலு விசில் விட்டீர்கள், கேஸ் யார் கொடுப்பது? ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நாளாகும், எனவே விசில் ஆடம்பரம் அல்ல என்று சித்தப்பா பாடம் எடுத்தார். குரங்குக்கே அலுத்துவிட்டது போல, டவலை இந்தத் தோளில் இருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டது.

எனக்குக் காட்டேஜ்காரர் மேல் பெரிய கோபம் இல்லை. 24 மணி நேர வெந்நீர் என்று சொல்லிவிட்டு காலையில் கொஞ்ச நேரம் விட்டதோடு நிறுத்திக்கொண்டாரே, அதை மட்டும் மன்னிக்கமாட்டேன். அந்தக் குளிரில் குளித்தவனுக்குத்தான் தெரியும். (கார்த்திக்குத் தெரியாது. அவன் குளிக்கவே இல்லை.)

இவ்வளவு நடக்கும்போது சித்தி எங்கே என்று பார்த்தால், பின்கட்டில் காட்டேஜ்காரர் மனைவியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். பூம்பாறைப் பூண்டு. அந்த அக்கா ஒரு பை நிறையக் கொடுத்தாராம், பதிலுக்குச் சித்தி புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கொடுத்துவிட்டார். "பாவம்ங்க, மாசத்துக்குப் பத்து டவலாவது குரங்கு கொண்டுபோயிடுதாம்" என்று சித்தி வெளியே வந்து சொன்னதும் சித்தப்பாவின் வழக்கு படுத்துவிட்டது. எதிர்க்கட்சிக்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி.

கடைசியில் பிடித்தம் 300 என்று முடிந்தது. மீதி 1,700 ரூபாயைக் காட்டேஜ்காரர் அங்கேயே சித்தப்பா நம்பருக்கு அனுப்பினார்.

அந்த 2,000 போனது என் அக்கவுண்டில் இருந்து. காலையில் போன் செய்து நினைவுபடுத்தினேன்.

"இருடா, பெட்ரோல், முறுக்கு எல்லாம் போட்டு டேலி பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார் சித்தப்பா. "உன்னைப் பெரியவங்க கணக்குல சேர்க்கிறதா, குழந்தைங்க கணக்குல சேர்க்கிறதாங்கிறதுலதான் நிக்குது."